லோகோவுக்கு ஃப்ரீலான்ஸ் டிசைனரிடம் வேலை கொடுக்கிறோம், முன்பே என்னென்ன பேசி முடிக்க வேண்டும்?

செக்கடி_காங்கயம்:

வணக்கம்ங்க. நானும் என் மனைவியும் காங்கயம் பக்கம் மரச்செக்கு போட்டு எண்ணெய் ஆட்டுகிறோம். இதுவரை செக்குக்கே வந்து வாங்கிப் போகிறவர்களுக்குத்தான் கொடுத்தோம். இப்போது நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் 200 மில்லி, அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டிலில் அடைத்து திருப்பூர், கோவை கடைகளில் வைக்கப் போகிறோம். பெங்களூரிலும் ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், அதனால் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டும். பெயரை இங்கே போடவில்லை, இன்னும் பதிவு செய்யவில்லை. அதில் ஒரு 'ழி'யும் ஒரு 'ணை'யும் வரும், அவ்வளவு சொல்லலாம்.

கோவையில் ஒரு ஃப்ரீலான்ஸ் டிசைனரிடம் பேசினோம். அவர் முன்பு செய்த வேலைகளைப் பார்த்தோம், பிடித்திருக்கிறது. 12,000 ரூபாய் கேட்கிறார், பாதி அட்வான்ஸ். மூன்று மாதிரி காட்டுவார், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு இரண்டு முறை திருத்தம். கடைசியில் பிஎன்ஜி, ஜேபெக் கொடுப்பார், ஒரிஜினல் ஃபைல் வேண்டுமென்றால் தனியாக 4,000. எங்கள் ஊர் ஃப்ளெக்ஸ் கடையில் 1,500க்கு அன்றைக்கே போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். வீட்டில் ஆளுக்கொரு கருத்து. இந்தத் தொகை நியாயமா, ஒரிஜினல் ஃபைலுக்குத் தனியாகப் பணம் கேட்பது வழக்கமா, எதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்? இந்த வேலை கொடுத்தவர்களும், இந்த வேலையே செய்கிறவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோடும்_வளைவும்:

நான் மதுரையில் இருந்து இதே வேலைதான் செய்கிறேன், ஃப்ரீலான்ஸ். நீங்கள் சொன்ன வேலைக்கு 12,000 அதிகமில்லை. ஆனால் ஒரிஜினல் ஃபைலைத் தனியாக விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சில டிசைனர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள், லேயர் லேயராக இருக்கும் வேலைக் கோப்பைத் தர மாட்டோம் என்பார்கள், அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் இறுதி லோகோவின் வெக்டர் ஃபைல், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவக் கோப்பு, ஏஐ (இலஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளின் கோப்பு), எஸ்விஜி, பிடிஎஃப் இவற்றில் ஏதாவது ஒன்று, அது இல்லாமல் லோகோ கொடுத்ததாகவே ஆகாது. பிஎன்ஜியைப் பெரிதாக்கினால் உடைந்துவிடும். அது வாட்ஸாப் டிபிக்குத்தான் ஆகும், கடை போர்டுக்கு ஆகாது. எனவே விலை பேசும்போதே, "வெக்டர் ஃபைலும் சேர்த்து எவ்வளவு" என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். அவர் 14,000 என்று இறங்கி வந்தாலும் சரிதான், பின்னால் போய்க் கேட்டு வாங்குவதைவிட அது நல்லது.

அடுத்து, அவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது. பெரும்பாலானவர்கள் "மரச்செக்கு எண்ணெய், பாரம்பரியமாகவும் இருக்கணும், மாடர்னாகவும் இருக்கணும்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு மாதிரிக்காகக் காத்திருப்பார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எங்களால் ஊகிக்க மட்டும்தான் முடியும். யார் வாங்குவார்கள், ஒரு லிட்டர் என்ன விலை, எந்த மாதிரிக் கடையில் எந்த எண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கும், பாட்டில் கண்ணாடியா பிளாஸ்டிக்கா, எண்ணெயின் நிறம் வெளியே தெரியுமா, லேபிள் எத்தனை சென்டிமீட்டர், இதெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். லேபிளே இல்லாத காலி பாட்டில் ஒன்றைக் கூரியரில் அனுப்பினால் இன்னும் நல்லது. கடலை எண்ணெயின் வெளிர் மஞ்சள், நல்லெண்ணெயின் பழுப்பு, இரண்டுக்கு மேலும் ஒரே லோகோ ஒட்டப்படும் என்பதைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் புரியும்.

நீங்கள் சொன்ன எழுத்துகளுக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். 'ழி'யில் வால் கீழே இறங்கும், மேல் விலங்கு தலைக்கு மேலே போகும். ஒரே எழுத்து மேலும் கீழும் இடம் கேட்கும். ஆங்கிலத்துக்கு வரைந்து பழகியவர்கள் எல்லா எழுத்தையும் ஒரே உயரத்தில் அடக்கப் பார்ப்பார்கள், அப்போது விலங்கு நசுங்கி 'ழி' என்பது 'ழ' போலத் தெரியும். 'ணை'யில் கொம்பும் அதற்குப் பின் மூன்று சுழியும் வருகிறது. தடிமனான எழுத்தில் போட்டு 200 மில்லி பாட்டில் லேபிளுக்குச் சின்னதாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைத்துப்போய் வெறும் கறுப்புத் திட்டாக நிற்கும். அதனால் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நீங்கள் தமிழ் எழுத்தில் செய்த லோகோக்களைக் காட்டுங்கள் என்பதுதான். ஆங்கில லோகோ பத்து அழகாக இருந்தாலும் அதை வைத்துத் தமிழை முடிவு செய்ய முடியாது.

எந்த எழுத்துருவில் போட்டார், அதன் உரிமம் என்ன என்றும் கேளுங்கள். கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி மாதிரி கூகுள் ஃபான்ட்ஸில் இருப்பவை வணிகத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், திறந்த உரிமம். ஆனால் அப்படியே அடித்துக் கொடுத்தால் அதே எழுத்தில் இன்னும் பல போர்டுகள் இருக்கும். அதை அடிப்படையாக வைத்துச் சில எழுத்துகளையாவது கையால் மாற்றி வரைந்திருக்க வேண்டும், நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி அந்த வேலைக்குத்தான்.

திருத்தம் என்றால் என்ன என்பதையும் பேசிவிடுங்கள். தேர்ந்தெடுத்த மாதிரியில் நிறம், அளவு, இடைவெளி மாற்றுவது திருத்தம். "இது வேண்டாம், வேறு யோசனை" என்பது புதிய வேலை, அதற்குக் காசு உண்டு. இது தெரியாமல்தான் பாதிச் சண்டை வருகிறது. கருத்துச் சொல்லும்போது "இன்னும் கொஞ்சம் பளிச்சென்று" என்று சொன்னால் எங்களுக்கு எதுவும் புரியாது. "ஆறடி தள்ளி நின்று பார்த்தால் பெயர் படிக்க முடியவில்லை" என்று சொன்னால் உடனே புரியும். அப்புறம், வீட்டில் ஆளுக்கொரு கருத்து என்கிறீர்கள். எல்லோரும் பேசுங்கள், ஆனால் டிசைனரிடம் பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும். குடும்ப வாட்ஸாப் குழுவில் மாதிரியைப் போட்டு ஓட்டெடுத்தால், கடைசியில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்த ஒன்று வரும், யாருக்கும் நினைவில் நிற்காது.

சிவகாசி_பிரஸ்:

லேபிள் அச்சடிக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். லோகோ எங்கள் கைக்கு வரும்போது பார்க்கிற கூத்துகள் ஏராளம். போனில் எடுத்த ஃபோட்டோவை வாட்ஸாப்பில் அனுப்பி "இதையே போட்டுடுங்க" என்பார்கள். அது ஏற்கெனவே சுருங்கி வந்திருக்கும், நாங்கள் உட்கார்ந்து கோரல்டிராவில் மறுபடி வரைவோம். அப்படி வரையும்போது டிசைனர் கொடுத்த வளைவு கொஞ்சம் மாறும், அடுத்த பிரஸ்ஸில் இன்னும் கொஞ்சம் மாறும், ஒரு வருடத்தில் பாட்டிலில் ஒரு லோகோ, அட்டைப்பெட்டியில் ஒரு லோகோ. டிசைனரிடம் வெக்டர் வாங்குங்கள் என்று மேலே சொன்னதைக் கட்டாயம் செய்யுங்கள். அதிலும் எழுத்தெல்லாம் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கள் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாதபோது வேறொன்று வந்து உட்காரும், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தாகச் சிதறிக் கிடக்கும். இலஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை மாற்றாமல் யூனிகோடில் அடித்தாலும் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று போய்விடும். கவனிக்காமல் அச்சுக்கு வந்ததையெல்லாம் பார்த்திருக்கிறோம்.

நிறம். கம்ப்யூட்டர் திரையில் மின்னுகிற பச்சை காகிதத்தில் அப்படி வராது, திரையில் ஒளி, எங்களிடம் மை. டிசைனர் சிஎம்ஒய்கே அளவை, அதாவது அச்சின் நான்கு மைகளில் எது எவ்வளவு என்பதை, குறித்துக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே நிறம் பிடிக்கலாம், எப்போதும் துல்லியமாக அதே நிறம் வேண்டுமென்றால் பான்டோன் எண்ணை (தனியாகக் கலந்த மை நிறத்தின் எண்) குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தங்க நிறம் கேட்பவர்கள் அதிகம். நான்கு கலர் அச்சில் தங்கம் கிடையாது, ஒருவித மஞ்சள் பழுப்புத்தான் வரும். நிஜத் தங்கப் பளபளப்புக்கு மெட்டாலிக் மையோ ஃபாயிலோ வேண்டும், செலவு தனி.

இப்போது பாட்டில் லேபிள்தானே என்று நினைப்பீர்கள், நாளைக்கு எண்ணெயை பவுச்சில் போட்டால் கிராவுர் அச்சு, அதில் கலருக்கு ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். லோகோவிலேயே ஆறு நிறம் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பாட்டில் போகும் அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் ஒரு நிறம் அல்லது இரண்டு நிறம்தான், அதுவும் சொரசொரப்பான பழுப்பு அட்டை மேல். மெல்லிய கோடெல்லாம் அதில் நிற்காது. ஸ்டேட் பேங்க் சின்னத்தைப் பாருங்கள், ஒரே நீலம், ஒரு வட்டம், சாவித் துவாரம். ரப்பர் ஸ்டாம்பில் வைத்தாலும் அதே சின்னம்தான். டிசைனர் முதல் மாதிரியைக் காட்டும்போதே வெறும் கறுப்பில் காட்டச் சொல்லுங்கள். கறுப்பில் நிற்காத லோகோவை நிறம் காப்பாற்றாது.

இன்னொன்று, 200 மில்லி லேபிளில் லோகோவுக்கு நீங்கள் நினைக்கிற இடம் கிடைக்காது. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்புத் துறை தருவது), பச்சைப் புள்ளிச் சதுரம், நிகர அளவு, எம்ஆர்பி, பேட்ச் எண், தேதி, ஊட்டச்சத்து அட்டவணை, முகவரி, எல்லாம் அந்தச் சின்னச் சுற்றுக்குள் வர வேண்டும். மூன்று எண்ணெய்க்கும் தனித்தனி லேபிள் வேறு. லேபிள் டிசைன் இந்த 12,000க்குள் வருமா வராதா என்று இன்றைக்கே கேளுங்கள். பெரும்பாலும் வராது, அது தனி வேலை.

மசாலா_திண்டுக்கல்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன் அண்ணா. தொழில் தொடங்கும்போது கையில் இருக்கிற பணத்தைப் பொறுத்துத்தான் எல்லாம். நாங்கள் ஆரம்பத்தில் சின்னம் எதுவும் இல்லாமல் பெயரை மட்டும் நல்ல எழுத்தில் போட்டு ஸ்டிக்கர் ஒட்டித்தான் விற்றோம். எங்கள் மஞ்சள்தூளும் சாம்பார் பொடியும் நன்றாக இருந்தது, வாங்கியவர்கள் திரும்பி வந்தார்கள். லோகோ அப்புறம்தான் வந்தது. உங்களுக்கும் படம், சின்னம் எல்லாம் முதல் நாளே தேவையா என்று யோசியுங்கள். பெயர் எழுத்தை மட்டும் நன்றாக வரைந்து வாங்கினால் அதுவே லோகோ, டிசைனரும் குறைத்துக்கொள்வார்.

ஆனால் 1,500 விஷயத்தில் ஜாக்கிரதை. பிறகு நாங்கள் லோகோ செய்யக் கொடுத்த ஒருவர் அழகான இலையும் துளியும் சேர்த்த படம் ஒன்றைக் கொடுத்தார். பவுச் அடித்துக் கடைக்குப் போன பிறகு, ஒரு ஆயுர்வேத எண்ணெய் பாட்டிலில் அதே இலை, அதே துளி, நிறம் மட்டும் வேறு. இணையத்தில் தேடினால் அந்தப் படம் இலவசமாக டவுன்லோடு செய்யும் தளத்தில் இருக்கிறது. கேட்டதற்கு "எல்லாரும் அப்படித்தாங்க செய்றாங்க" என்றார். இருந்த பவுச்சை முழுக்க ஓட்டி முடிக்கிற வரைக்கும் மாற்ற முடியவில்லை, அவ்வளவும் காசு. கடைக்காரர் ஒருவர் அந்த எண்ணெய்க் கம்பெனியும் நீங்களும் ஒன்றா என்று கேட்டார். அதனால் மாதிரி கைக்கு வந்ததும் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள், ஓரிரு நிமிட வேலை.

நைட்ஷிஃப்ட்:

இதுக்கு எதுக்கு 12 ஆயிரம்? ஏஐயில் நாலு வரி எழுதினால் நூறு லோகோ வருகிறது. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே.

கோடும்_வளைவும்:

யோசனைக்குப் பயன்படுத்தலாம், நானும் தடுக்கவில்லை. உங்களுக்குப் பிடித்த மாதிரி நாலு படம் எடுத்து டிசைனரிடம் காட்டினால் உங்கள் மனதில் இருப்பது அவருக்குப் புரியும். ஆனால் அப்படி வருகிற படத்தில் தமிழ் எழுத்து அடிக்கடி உருக்குலைந்து வரும், 'ழி' மாதிரி எழுத்துக்கு வாலே வேறு பக்கம் திரும்பியிருக்கும். படத்தைப் பெரும்பாலும் வெக்டராக மறுபடி யாராவது வரைய வேண்டும், அதை யாரிடம் கொடுப்பீர்கள்? பதிவு, உரிமை என்று வரும்போது இன்னும் சிக்கல், அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

திண்டுக்கல் மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஷட்டர்ஸ்டாக் மாதிரித் தளங்களில் காசு கொடுத்து வாங்கிய படமாக இருந்தாலும் அதை லோகோவாகப் பயன்படுத்த அவர்கள் உரிமம் அனுமதிக்காது. கேன்வாவில் இருக்கும் லோகோ டெம்ப்ளேட்டும் அப்படித்தான், அதே டெம்ப்ளேட்டை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் டிரேட்மார்க்காக உங்களுக்கு மட்டும் சொந்தமாக்க முடியாது. "ஸ்டாக் படம் எதுவும் இதில் இல்லை, முழுக்க நான் வரைந்தது" என்று டிசைனரிடம் ஒரு வரி எழுத்தில் வாங்குங்கள். நேர்மையாக வேலை செய்கிறவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

மார்க்_கிண்டி:

சென்னையில் டிரேட்மார்க் வேலை பார்க்கிறேன். இங்கே இதுவரை வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். காசு கொடுத்துவிட்டோம், ஃபைலும் வாங்கிவிட்டோம், எனவே லோகோ நம்முடையது என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படித் தானாகச் சொல்லவில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி வரைந்தவர்தான் முதல் உரிமையாளர். உங்களிடம் சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால் உரிமை உங்களுக்கு வரும், ஃப்ரீலான்சர் அந்தக் கணக்கில் வர மாட்டார். காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம், ஃபோட்டோ போன்ற சிலவற்றுக்குச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு, ஆனால் லோகோ அதற்குள் வருமா என்று நாளைக்கு வாதாடிக்கொண்டிருப்பதைவிட இன்றைக்கே எழுதி வாங்குவது மேல்.

எழுதி வாங்குவது என்றால் வாட்ஸாப்பில் "ஓகே சார் உங்களுக்குத்தான்" என்று வருவது போதாது. 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும். எந்தப் படைப்பு என்று அடையாளம் தெரிகிற மாதிரி லோகோவை அந்தத் தாளிலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். இதில் பலரும் கவனிக்காதது, எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எனவே "பதிப்புரிமை நீடிக்கும் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதும்" என்று தெளிவாக எழுதுங்கள். பிறகு, உரிமை கிடைத்து ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்றும் ஒரு துணை விதி இருக்கிறது, அது இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். மீதிப் பணம் கைக்குப் போன நாளில் உரிமை மாறுகிறது என்று எழுதினால் டிசைனருக்கும் பாதுகாப்பு. நீங்கள் தேர்ந்தெடுக்காத இரண்டு மாதிரிகள் அவருடையவை, அதையும் குறிப்பிட்டுவிட்டால் பின்னால் பேச்சு வராது. தன் வேலைகளின் தொகுப்பில் உங்கள் லோகோவைக் காட்டிக்கொள்ள அனுமதி கேட்பார், கொடுங்கள், அதனால் உங்களுக்கு நஷ்டமில்லை. வேண்டுமானால் பொருள் கடைக்கு வந்த பிறகு காட்டட்டும்.

அடுத்து டிரேட்மார்க். டிசைனருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பெயரைத் தேடிப் பாருங்கள். ஐபி இந்தியா என்ற அரசுத் தளத்தில் பொதுத் தேடல் இலவசம், பொருள்களைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் சமையல் எண்ணெய் 29ஆவது. உச்சரிப்பில் ஒத்துப்போகிற பெயர்களையும் தேடுங்கள், தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதத்திலும். லோகோ முடிந்து லேபிள் அடித்த பிறகு பெயர் வேறொருவருடையது என்று தெரிந்தால் எல்லாச் செலவும் வீண். 'மரச்செக்கு', 'நாட்டு', 'சுத்தமான' போன்ற சொற்கள் பொருளை விவரிப்பவை, அவற்றை மட்டும் வைத்துப் பதிய முடியாது, தனித்துத் தெரிகிற சொல் வேண்டும்.

விண்ணப்பம் டிஎம்-ஏ படிவம். தனிநபராகவோ, உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழ் உள்ள சிறு நிறுவனமாகவோ இருந்தால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்ற நிறுவனங்களுக்கு 9,000. ஆய்வு முடிந்து டிரேட்மார்க் இதழில் வெளியானால் அதிலிருந்து நான்கு மாதம் வரை யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவானால் விண்ணப்பித்த தேதியிலிருந்து 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகும் வரை பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவான பிறகுதான், முன்பே போட்டால் சட்டப்படி அபராதம் உண்டு. சில டிசைனர்கள் அழகுக்காக அந்த வட்டத்தைச் சேர்த்துவிடுவார்கள், கவனியுங்கள். அச்சுக்காரர் கறுப்பில் காட்டச் சொன்னார் இல்லையா, விண்ணப்பத்துக்கும் அது பயன்படும். நிறத்தைக் கட்டுப்படுத்தாமல் பதிந்தால் எல்லா நிறத்துக்கும் பதிந்ததாகவே கருதப்படும்.

செக்கடி_காங்கயம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. டிசைனரிடம் இன்று பேசினேன். வெக்டர் ஃபைலும் உரிமை எழுதித் தருவதும் சேர்த்து 15,000 என்றார், தமிழில் செய்த லோகோக்களையும் அனுப்பினார், அதில் ஒரு ஜவுளிக்கடைப் பெயர் நன்றாகவே இருந்தது. லேபிள் தனி, மூன்றுக்கும் சேர்த்துப் பிறகு பேசலாம் என்றார்.

இரண்டு சந்தேகம். மாமனார் காங்கயம் காளையை லோகோவில் வைத்தே ஆக வேண்டும் என்கிறார், ஊர்ப் பெருமை, செக்கு இழுத்ததும் மாடுதானே என்று. எனக்கும் பிடிக்கும். ஆனால் இங்கே பாலிலிருந்து அரிசி வரை எதை எடுத்தாலும் காளை இருக்கிறது. வைக்கலாமா? இரண்டாவது, தமிழ், ஆங்கிலம் இரண்டும் ஒரே லோகோவில் இருந்தால் பதிவு எப்படி?

கோடும்_வளைவும்:

மாமனார் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் நீங்களே பதிலும் சொல்லிவிட்டீர்கள். ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற படம் உங்கள் பாட்டிலைத் தனியாகக் காட்டாது. திமிலும் கொம்பும் வைத்துக் காளை வரைந்தால் 200 மில்லி லேபிளில் அது ஒரு சென்டிமீட்டர்தான் வரும், கால்களெல்லாம் கோடாகிவிடும். மாமனாரிடம், காளையை லேபிளின் பின்பக்கம் செக்கைப் பற்றி எழுதும் இடத்தில் ஒரு கோட்டோவியமாக வைக்கிறோம் என்று சொல்லுங்கள், அங்கே அதற்குத் தகுந்த இடமும் இருக்கும். லோகோவுக்குச் செக்கின் உரலையும் உலக்கையையும் மேலிருந்து பார்த்தால் கிடைக்கிற வட்டத்தை யோசிக்கச் சொல்லலாம், வாகை மரத்தின் வளையக் கோடுகளும் அதில் வரும். நான் யோசனைதான் சொல்கிறேன், முடிவு உங்கள் டிசைனருடையது. "காளை வேண்டாம்" என்பதை மட்டும் நான் முன்பு சொன்ன அந்த ஒரு பக்கக் குறிப்பிலேயே எழுதி அனுப்பிவிடுங்கள். மூன்று மாதிரியில் ஒன்று காளையாக வந்தால் ஒரு மாதிரி வீணாகும்.

மார்க்_கிண்டி:

தமிழும் ஆங்கிலமும் சின்னமும் சேர்ந்த ஒரே படமாகப் பதிந்தால் பாதுகாப்பு அந்த முழுப் படத்துக்குத்தான். பிறகு நீங்கள் கர்நாடகத்துக்கு ஆங்கிலம் மட்டும் போட்டு அனுப்பினால் பதிந்தது ஒன்று, பயன்படுத்துவது ஒன்று என்றாகும். பணம் அளவாக இருந்தால் பெயரை மட்டும் சொற்குறியாக முதலில் போடுங்கள், லோகோ நாளைக்கு மாறினாலும் பெயர் உங்களிடம் நிற்கும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம். எதில் முதலில் என்றால் லேபிளில் பெரிதாக வரப்போவது எதுவோ அதில். லோகோ தயாரானதும், டிசைனர் கையெழுத்திட்ட தாள் கைக்கு வந்த பிறகு, அதைத் தனி விண்ணப்பமாகப் போட்டுக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் மனைவி பெயரா, உங்கள் பெயரா, இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உரிமை மாற்றத் தாளிலும் அதே பெயர்தான் இருக்க வேண்டும்.